முடிச்சே இல்லாமல் நீளும் கயிறு

எருக்கந்தண்டில் உரித்த நார் இரண்டு முழம் வந்தாலே பெரிது. அதைக் கொண்டு முடிச்சே போடாமல் நீளமான கயிறு எப்படித் திரிக்கிறார்கள், இழுத்தால் நார் ஏன் உருவிக்கொண்டு வருவதில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 1638-இல் வெளியான தன் நூலில் கலிலியோவும் இதே புதிரை எழுப்புகிறார்: நூறு முழக் கயிற்றில் இருக்கும் நார்களின் நீளமோ இரண்டு மூன்று முழம்தான்!

நார் எடுப்பது எளிது. எருக்கு, மருள், புளிச்சை என்று பல செடிகளில் வலுவான செல்லுலோஸ் இழைகள் பெக்டின் என்னும் பசையால் ஒட்டிக் கிடக்கின்றன. சில செடிகளை நீரில் ஊறப்போட்டால் நுண்ணுயிரிகள் அந்தப் பசையைத் தின்றுவிடும். எருக்கந்தண்டைக் காயவைத்துத் தட்டினாலே போதும், பட்டையிலிருந்து நார் பிரிந்துவரும். பச்சைத் தண்டின் பால் கண்ணில் படக்கூடாது, ஆபத்து.

அப்புறம் முறுக்கு. நார்களைச் சேர்த்து இரண்டு புரிகளை, அதாவது இழைக்கற்றைகளை, எடுத்து, ஒவ்வொன்றையும் வலப்பக்கமாக முறுக்குங்கள். விட்டால் இரண்டுமே இடப்பக்கமாகச் சுழன்று பிரியத் துடிக்கும். விடாமல் இரண்டையும் சேர்த்து இடப்பக்கமாகவே ஒன்றன்மேல் ஒன்று சுற்றுங்கள். இனி புரி தன் முறுக்கை அவிழ்க்கப் பார்த்தால் கயிறு இன்னும் இறுகும். கயிறு அவிழ வேண்டுமானால் புரிகள் மேலும் முறுக்கேற வேண்டும். இரண்டு அவிழ்ச்சிகளும் ஒன்றையொன்று தடுத்து நிற்கின்றன. பசையோ முடிச்சோ தேவையில்லை. இயற்பியலில் இதைவிட அழகான சமநிலை எனக்குத் தெரியாது.

சரி, இழுத்தால்? முறுக்கிய நார்கள் ஒன்றையொன்று சுற்றிக் கிடப்பதால், இழுக்கும் விசையே அவற்றை உள்நோக்கி அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். படகுத்துறையில் கம்பத்தைச் சுற்றிக் கயிறு போடுவதை நினைத்துப் பாருங்கள். கயிறும் கம்பமும் எவ்வளவு உராய்கின்றன என்பதைச் சொல்லும் எண்ணான உராய்வுக் கெழு 0.3 என்றால், ஒரே சுற்றில் கையில் பிடிக்கும் விசையைப் போல 6 மடங்குக்கு மேல் தாங்கும். மூன்று சுற்றில் 280 மடங்கைத் தாண்டும். சுற்று கூடக்கூட பிடிப்பு கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. நார்களுக்கு நடுவேயும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. ஓரளவு முறுக்குக்கு மேல் நார் வழுக்க வழியே இல்லை, அறுந்தால்தான் உண்டு.

நீளம் கூட்டுவதும் இதனால்தான் சாத்தியம். புரி மெலியும் இடத்தில் புது நாரை வைத்து முறுக்கிக்கொண்டே போகலாம். இரண்டு புரிகளிலும் ஒரே இடத்தில் ஒட்டு வராமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கவும் கூடாது. நார்கள் குறுக்காகச் சாய்ந்துவிட்டால் இழுவிசையை நேராகத் தாங்க முடியாமல் கயிறு பலமிழக்கும்.

தென்கிழக்கு பிரான்சின் ஆப்ரி தூ மாரா என்ற இடத்தில் கிடைத்த கயிற்றுத் துணுக்கு பற்றிய ஆய்வு 2020-இல் வெளியானது. நீளம் 6 மில்லிமீட்டர், வயது 40,000 ஆண்டுகளுக்கு மேல். ஊசியிலை மரப்பட்டையின் உள்நாரில் மூன்று புரிகள். புரிகளின் முறுக்கு ஒரு திசை, கயிற்றின் முறுக்கு எதிர்த் திசை. திரித்தவர்கள், அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால் மனிதர்கள்!

நம் ஊரில் வெள்ளெருக்கு நார் திருஷ்டி கழிக்கும் என்று விற்கிறார்கள். திருஷ்டியில் எனக்கு நம்பிக்கை இல்லை, நாரின் வலுவில் நிறைய உண்டு. பொறியியல் கல்லூரிகளில் இழுவிசை சோதிக்கும் கருவிகள் இருக்கின்றன. கயிறு திரிக்கத் தெரிந்த பெரியவர்களை அங்கே அழைத்து, கூலி கொடுத்து, எந்தச் செடியை எந்தப் பருவத்தில் அறுத்தால் நார் எவ்வளவு தாங்கும் என்று அளக்க ஒரு சிறு ஆய்வு நிதி ஒதுக்கலாம்.