பஞ்சிங் பேக்கைக் கழற்றி வையுங்கள்

போன வாரம் என் மனநல ஆலோசனை அறைக்கு வலது கையில் மாவுக்கட்டோடு ஒரு பதினைந்து வயதுப் பையன் வந்தான். அலமாரிக் கண்ணாடியைக் குத்தியிருக்கிறான். கூட வந்த அப்பாவுக்கு ஒரே குழப்பம். "கோபத்தை வெளியே விடட்டும்னு நாங்களே பஞ்சிங் பேக் வாங்கி மாட்டினோம் மேடம். தினமும் குத்துவான். அப்புறமும் ஏன் இப்படி?"

"அதனால்தான் சார் இப்படி" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. இந்த வருடம் இதே கதையோடு வரும் நான்காவது குடும்பம் இது. ஒருவர் தலையணையை அடித்தார், இன்னொருவர் பழைய தட்டுகளை உடைத்தார், மற்றொருவர் காசு கொடுத்து பாட்டில் உடைக்கும் அறைக்கே போய்வந்தார். எல்லோரும் சொல்லும் நியாயம் ஒன்றுதான்: "உள்ளேயே வச்சுக்கிட்டா வெடிச்சிடும்ல?"

வெடிக்காது. விசில் அடித்தால் ஆவி குறைவது குக்கரில். மனதுக்குள் அப்படி ஆவி எதுவும் தேங்கி நிற்பதில்லை.

இந்தக் குக்கர்க் கதை பெரும்பாலும் 1895இல் வியன்னாவிலிருந்து கிளம்பியது. மருத்துவர்கள் ஜோசப் ப்ராயரும் சிக்மண்ட் ஃப்ராய்டும், ஹிஸ்டீரியா என்று அன்று அழைக்கப்பட்ட மனநோய் பற்றி எழுதிய நூலில், வெளிப்படாமல் போன உணர்ச்சி உள்ளே அடைபட்டு நோயாகிறது, நினைவோடு சேர்த்து அதை வெளியே கொண்டுவந்தால் குணமாகும் என்றார்கள். இதற்கு அரிஸ்டாட்டிலிடமிருந்து எடுத்துக்கொண்ட பெயர் 'கதார்சிஸ்', அதாவது சுத்திகரிப்பு. ஆனால் அவர்கள் நோயாளியைப் பேச வைத்தார்கள், தட்டு உடைக்கச் சொல்லவில்லை. ஃப்ராய்டே சில வருடங்களில் அந்த முறையை விட்டு வேறு வழிக்குப் போய்விட்டார். அவர் இறங்கிப்போன பஸ்ஸில் நாம் இன்னும் உட்கார்ந்திருக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்பே இதை மறுத்துச் சொன்னவர்கள் இருந்தார்கள். உணர்ச்சியைத் தாராளமாக வெளிக்காட்டினால் அது கூடும், வெளி அடையாளங்களை அடக்கினால் தணியும் என்று 1872இலேயே டார்வின் எழுதினார். பயத்தால் ஓடுகிறோம் என்பது தவறு, ஓடுவதால் பயப்படுகிறோம் என்று 1884இல் தலைகீழாகப் போட்ட உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸும், கோபம் வந்தால் பத்து வரை எண்ணச் சொன்னவர்தான். 1962இல் உளவியல் ஆய்வாளர்கள் ஷாக்டரும் சிங்கரும் வைட்டமின் என்று சொல்லி மாணவர்களுக்கு அட்ரினலின் ஊசி போட்டு, ஒரே படபடப்பைச் சூழ்நிலைக்கேற்பக் கோபமாகவோ குதூகலமாகவோ எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். இன்றைக்கு நெறிமுறைக் குழுக்கள் இதை எளிதில் அனுமதிக்காது. பின்னால் செய்து பார்த்தவர்களுக்கு அதே முடிவு கிடைக்கவும் இல்லை. உளவியலாளர்கள் மாக்டா ஆர்னால்டும் லாசரஸும் சொன்னதுதான் என் அறையில் தினமும் உதவுகிறது: நடந்ததை நாம் எப்படி மதிப்பிடுகிறோம் என்பதில்தான் உணர்ச்சி பிறக்கிறது.

சரி, குத்தினால் என்ன ஆகும்? 2002இல் அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 600 கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்தார். முதலில் அவர்கள் எழுதிய கட்டுரையை மட்டம் தட்டிக் கோபப்படுத்தினார். ஒரு குழு, மட்டம் தட்டியவரை நினைத்துக்கொண்டே பஞ்சிங் பேக்கைக் குத்தியது. இன்னொரு குழு உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தியது. மூன்றாவது குழு இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தது. கடைசியில் யார் அதிகக் கோபத்தோடு, அதிக மூர்க்கமாக இருந்தார்கள்? முதல் குழு. மூர்க்கம் மிகக் குறைவாக இருந்தது சும்மா உட்கார்ந்தவர்களிடம்.

"ஆனா குத்தினா நல்லா இருக்கே" என்பார்கள். இருக்கும். அதுதான் ஆபத்து. கோபம், அடி, சுகம் என்று ஒரு பழக்கம் பதிந்துவிடுகிறது. பேக் பக்கத்தில் இல்லாத நாளில் கண்ணாடி, அப்புறம் ஆள்.

அதற்காக வாயை மூடிக்கொண்டு புழுங்கச் சொல்லவில்லை. புழுங்குவதும் உள்ளுக்குள் குத்துவதுதான். முதலில் உடம்பைத் தணியுங்கள்: உட்காருங்கள், மெதுவாக மூச்சு விடுங்கள். 2024இல் வந்த, 154 ஆய்வுகளைத் தொகுத்த அலசலும் உடம்பின் படபடப்பைக் குறைப்பதுதான் கோபத்தைக் குறைக்கிறது என்கிறது. ஓட்டம் உடம்புக்கு நல்லது, கோபத்துக்கு மருந்தாக நம்பி ஓடாதீர்கள். கோபத்தில் வாய்ஸ் நோட் அனுப்பாதீர்கள். தணிந்த பிறகு அதே விஷயத்தைக் கட்டாயம் பேசுங்கள், தள்ளிப்போடாதீர்கள். பெற்றோரே, தயவுசெய்து குழந்தை கையில் தலையணையைக் கொடுத்து "அடி" என்று சொல்லாதீர்கள். பொருள் உடைகிறது, கை ஓங்குகிறது, தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான் என்றால் வீடியோ பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கூட்டிவாருங்கள்.

பையனிடம் தனியாகப் பேசினேன். குத்தும்போது யாரை நினைப்பாய் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கதவைப் பார்த்தான். கதவுக்கு வெளியே அப்பா உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் இருவரையும் சேர்ந்து வரச் சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும்போது அப்பா கேட்டார், "பேக்கைக் கழற்றிட்டா அந்தக் கொக்கியை என்ன பண்றது மேடம்?"

"கொடி கட்டித் துணி காயப்போடுங்க சார்" என்றேன்.