ஊரில் வயல், வெளிநாட்டில் வீடு: உயில் எங்கே எழுத வேண்டும்?

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கோட்டை விதைப்பாடு வயல், பாளையங்கோட்டையில் வீடு, லண்டனிலோ அமெரிக்காவிலோ இன்னொரு வீடு, கொஞ்சம் ஷேர். இப்படி இருப்பவர்கள் நம் ஜில்லாவில் நிறைய. அங்குள்ள வக்கீலிடம் உயில் எழுதியாயிற்று, ஊர்ச் சொத்தும் அதில் அடங்கிவிடும் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் எந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தாலும், இங்குள்ள நிலத்துக்கும் வீட்டுக்கும் இந்தியச் சட்டம்தான்.

உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. தாயை மறந்துவிடுகிறார்கள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் தாய்க்குக் கால் பங்கு. அந்த அம்மாவும் உயில் எழுதாமல் போய்விட்டால், அந்தக் கால் பங்கில் இறந்தவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் உரிமை வந்துவிடும். அப்புறம் வீட்டை விற்க எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டுச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருந்தால் தாய்க்குப் பங்கில்லை. முஸ்லிம்கள் கடன் போக மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே உயில் எழுதலாம். அதையும் ஒரு வாரிசுக்கே எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். மேலப்பாளையத்து வீட்டை மனைவிக்கே கொடுக்க நினைப்பவர் உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக (தானமாக) எழுதி, வீட்டை அவர் வசம் ஒப்படைப்பதுதான் வழி.

ஊர்ச் சொத்துக்குத் தனி உயில் எழுதுங்கள் என்பதே என் உறுதியான யோசனை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும்; சொத்து பெறுபவர் சாட்சியாக வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் லீவில் வரும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். வெளிநாட்டு உயில்களில் "இதற்கு முந்தைய உயில்கள் அனைத்தும் ரத்து" என்ற வரி வழக்கமாக இருக்கும். பிறகு அங்கே எழுதும் உயிலில் அது அப்படியே இருந்தால் ஊர் உயிலும் போய்விடும். 'இந்தியச் சொத்து நீங்கலாக' என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

தம்பிக்குப் பவர் கொடுத்திருக்கிறேன், அவன் பார்த்துக்கொள்வான் என்பவர்களும் உண்டு. கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்தது.

இந்தியாவில் வாரிசு வரி 1985இலேயே போய்விட்டது. ஆனால் துபாயில் இருந்துகொண்டே அமெரிக்க ஷேர் வாங்கியிருந்தால், 60,000 டாலருக்கு மேற்பட்ட மதிப்புக்கு அமெரிக்க அரசு 40 சதவீதம் வரை வரி கேட்கலாம்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைகள் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, வாரிசாகப் பெறலாம். விற்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். அந்தப் பணத்தை என்.ஆர்.ஓ. கணக்கு (வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) வழியே, வரி கட்டியதற்கான தாள்களுடன், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம்.