ஓயாத ஸ்வரத்துக்கு இரண்டு எண்கள்

இலங்கை மலையகத் தோட்டங்களில் பெரட்டுக்கு, அதாவது வேலை பகிரும் காலைக் கூடலுக்கு, அழைக்க ஒருகாலத்தில் அடிக்கப்பட்ட தப்பின் ஒலியைப் பதிவுசெய்து, கணினியில் வாசிக்கத்தக்க கருவியாக்குவது எளிது. தோலில் அடி விழுந்ததும் எழும் ஓசை தானாகவே தேய்ந்து அடங்குவதால், பதிவை ஒருமுறை முழுமையாக ஒலிக்கவிட்டால் போதும். தோட்டத்துக் கோயிலில் பஜனைக்கு வாசிக்கும் ஆர்மோனியம் அப்படியல்ல. துருத்தியில் காற்று இருந்து, கட்டையிலிருந்து விரல் எடுக்கப்படாத வரை அதன் ஸ்வரம் நீளும். நான்கு வினாடிப் பதிவோ நான்கு வினாடியில் தீர்ந்துவிடும்.

இதற்கான தீர்வே லூப் புள்ளிகள். பதிவின் நடுவே ஒரு தொடக்கத்தையும் ஒரு முடிவையும் குறித்து, முடிவை எட்டியதும் தொடக்கத்துக்குத் திரும்புமாறு மென்பொருளுக்குச் சொல்கிறோம். ஒலியலையைச் சீரான இடைவெளியில் அளந்து சேமித்த ஒவ்வொரு மதிப்பும் ஒரு மாதிரி; அவ்விரண்டும் மாதிரிகளின் வரிசை எண்கள். வினாடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட பதிவில், 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தின் ஓர் அலை ஏறத்தாழ 100.23 மாதிரிகளில் முடிகிறது. பின்னத்தைத் தள்ளி 100 மாதிரிகளைச் சுழலவிட்டால் ஸ்வரம் 441 ஹெர்ட்ஸாக ஏறிவிடும். 22 அலைகளை எடுத்துக்கொண்டாலோ சரியாக 2,205 மாதிரிகள் வருகின்றன. கணக்கு பிசகாமல் பொருந்துகிறது. ஆனாலும் அது வினாடியில் இருபதில் ஒரு பங்குதான் என்பதால், துருத்தியின் இயல்பான ஏற்றஇறக்கம் அதில் அடங்காமல் ஒலி இயந்திரத்தனமாகிவிடும். எனவே ஒன்றிரண்டு வினாடி நீளமுள்ள பகுதியைத் தேர்ந்து, இணையும் இடத்தில் இரு ஓரங்களையும் மெல்லக் கலந்துவிடுவதே நல்லது.

எண்களைக் கண்டுபிடிப்பதைவிட அவற்றைக் காப்பாற்றுவதுதான் கடினம். ஒலியைச் சேமிக்கும் வேவ் கோப்பு, தரமும் எடையும் எழுதி அடுக்கிய தேயிலைப் பெட்டிகளைப் போன்றது: ஒவ்வொரு பகுதியின் முகப்பிலும் நான்கெழுத்துப் பெயரும் அளவும் இருக்கும். லூப் எண்கள் ‘எஸ்எம்பிஎல்’ என்ற பெட்டியில் உறங்குகின்றன. தனக்குத் தெரியாத பெட்டியை ஒரு மென்பொருள் தாண்டிச் செல்வதில் தவறில்லை. அதே கோப்பை மீண்டும் சேமிக்கும்போது அந்தப் பெட்டியை ஓசையின்றிக் கைவிடுவதுதான் தொல்லை. ஒலிக்கோப்புகளைக் கையாளும் திறந்த மூல நிரல் நூலகமான லிப்சவுண்ட்ஃபைல் இத்தகவலைப் படிக்கவும் எழுதவும் வல்லது என்றாலும், அதைப் பயன்படுத்தும் செயலி தனியே கேட்டாக வேண்டும். கேட்டுப் பெற்றாலும் வேலை முடிவதில்லை. எண்கள் கோப்பின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுவதால், முன்பகுதியில் கால் வினாடியை வெட்டினால் இரண்டையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். பதிவை வினாடிக்கு 48,000 மாதிரிகளுக்கு மாற்றினால் 2,205 என்ற நீளம் 2,400 ஆக வேண்டும்.

வடிவங்களுக்கிடையே நுணுக்கமான ஒரு முரணும் உண்டு. வேவ் கோப்பில் முடிவு எண் சுழற்சியில் ஒலிக்கும் கடைசி மாதிரியைக் குறிக்கிறது. பதிவுகளைக் கருவியாகத் தொகுக்கும் சவுண்ட்ஃபான்ட் 2 வடிவத்தில் அதற்கு அடுத்ததைக் குறிக்கிறது. நூறு மாதிரிச் சுழற்சியில் இந்த ஒன்று தவறி 101 ஆனால் ஸ்வரம் 436.6 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பாடகரின் காது அதைப் பொறுக்காது.

என்னைக் கேட்டால், எண்களை எஸ்எஃப்இசட் கோப்பிலும் எழுதி வைப்பேன். எந்தப் பதிவை எப்படி ஒலிக்க வேண்டும் என்று சொல்லும் அது வெறும் உரைக்கோப்பு. எந்த எழுத்துத் தொகுப்பியிலும் திறந்து திருத்தலாம், லினக்ஸ்சாம்ப்ளர் போன்ற மென்பொருள்களில் ஒலிக்கவிடலாம். கட்டை அழுந்தியிருக்கும் வரை மட்டும் சுழன்று, விரல் எடுத்ததும் பதிவின் எஞ்சிய பகுதிக்குச் செல்லும் முறையையும் அதில் குறிப்பிட முடியும் என்பதால், உள்ளே அதிரும் உலோக நாக்கு அடங்கும் அந்தச் சிற்றொலியும் ஆர்மோனியத்தோடு வந்து சேரும்.