தகட்டில் நிகழ்வதும் தாளில் தெரிவதும்

அரூபப் பதிப்போவியம், அதாவது குறிப்பிட்ட பொருளைச் சித்திரிக்காத உருவங்களைத் தகட்டில் உருவாக்கி, மையிட்டுத் தாளில் அச்சிடும் கலை, கற்க வருவோர் பெரும்பாலும் முடிவான ஓர் உருவத்தை மனத்தில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். தாளில் வரைந்ததைத் தகட்டுக்கு மாற்றி, அதையே மீண்டும் தாளில் பெறுவதுதான் இக்கலை என்று அவர்கள் கருதுகிறார்கள். உண்மையில், அரூபப் பதிப்பில் உருவத்தின் பெரும்பகுதி தகட்டின்மீதுதான் பிறக்கிறது. அமிலம் எவ்வளவு நேரம் அரித்தது, மையை எந்த அளவுக்குத் துடைத்தோம், தாளில் எவ்வளவு ஈரம் இருந்தது, இயந்திரத்தின் அழுத்தம் எப்படி அமைந்தது ஆகிய அனைத்தும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

இதை ஒரு கொள்கையாகவே கொண்டவர் ஆங்கிலேயப் பதிப்போவியர் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர். 1927-இல் அவர் பாரிஸில் தொடங்கிய பட்டறை, பின்னர் 'அத்தெலியே 17' என்று பெயர்பெற்றது. பியூரின் என்னும் உளியை ஒரு கையால் தள்ளியபடியே மறு கையால் செப்புத் தகட்டைத் திருப்பும்போது, முன்கூட்டித் திட்டமிடாத கோடுகள் உருவாகும். அவற்றில் எவற்றை வளர்ப்பது என்பதைக் கலைஞர் அதன் பிறகே முடிவுசெய்யலாம். அங்கே பணியாற்றிய இந்தியக் கலைஞர்கள் கிருஷ்ண ரெட்டியும் கைகோ மோத்தியும் ஹேட்டரோடு சேர்ந்து, மைகளின் பிசுபிசுப்பு வேறுபாட்டைக் கொண்டு ஒரே தகட்டிலிருந்து பல வண்ணங்களை ஒரே தடவையில் அச்சிடும் வழியை வளர்த்தெடுத்தனர். எண்ணெய் மிகுந்த இளகிய மை முதலில் படிந்த இடத்தில், அடுத்து உருட்டப்படும் கெட்டியான மை ஒட்டுவதில்லை. கடினமான உருளை தகட்டின் மேற்பரப்பை மட்டும் தொடும். மென்மையான உருளை பள்ளங்களுக்குள்ளும் இறங்கும். ஆகவே, தகட்டை எவ்வளவு ஆழமாக அரிக்கிறோம் என்பதே வண்ணத்தைப் பற்றிய முடிவாகவும் ஆகிவிடுகிறது. இதை மாணவர்கள் விளக்கத்தால் புரிந்துகொள்வதில்லை. தாங்களே உருளையைப் பிடித்த பிறகுதான் புரிந்துகொள்கிறார்கள்.

இந்தியச் சிற்பியும் பதிப்போவியருமான சோம்நாத் ஹோர் 1970-களில் உருவாக்கிய 'காயங்கள்' வரிசையில் செய்முறையும் பொருளும் பிரிக்க முடியாதவை. களிமண் பரப்பைக் கீறியும் குத்தியும், அதிலிருந்து சிமென்ட் அச்சு எடுத்து, அதன்மீது காகிதக் கூழைப் படியவைத்து அவர் பெற்றவை மையே இல்லாத வெண்ணிறப் பதிப்புகள். அங்கே வெட்டு என்பது சித்திரிக்கப்பட்டதன்று, நிகழ்ந்தது.

இதனால்தான் சோதனைப் பதிப்புகளை, அதாவது வேலை நடக்கும்போதே தகட்டின் நிலையைப் பார்க்க எடுக்கும் அச்சுகளை, கிழித்தெறிய வேண்டாம் என்று மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அமிலத்தில் வைத்த நேரம், மையின் கலவை, தாளின் வகை ஆகியவற்றைப் பென்சிலால் குறித்துவைத்தால், எந்த நிலையில் படைப்பு உயிர்பெற்றது, எந்த நிலையில் மிகையான திருத்தத்தால் அது தளர்ந்தது என்பதைப் பின்னர் வரிசைப்படுத்திப் பார்க்க முடியும். அச்சிட்டபின் தகட்டில் எஞ்சிய மையைக் கொண்டு எடுக்கும் மங்கலான இரண்டாம் பதிப்பு, சில வேளைகளில் முதலாவதைவிட வலுவாக அமைவதும் உண்டு.

வாங்குவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓவியத்தைப் புகைப்படம் எடுத்துக் கணினி வழியே அச்சிட்டு, எண்ணும் கையொப்பமும் இட்ட பிரதிகளும் சந்தையில் விற்கப்படுகின்றன. அவற்றை விற்பதில் தவறில்லை. ஆனால் கலைஞர் தகட்டில் உருவாக்கி அச்சிட்ட மூலப்பதிப்பும் அவையும் ஒன்றல்ல. எனவே, 5/20 (இருபது பிரதிகளில் ஐந்தாவது) என்ற குறிப்பை மட்டும் பார்த்து விலை பேசாமல், எதிலிருந்து, எம்முறையில், யார் அச்சிட்டார் என்று கேளுங்கள். சோதனைப் பதிப்புகள் இருந்தால், அவற்றையும் காட்டச் சொல்லுங்கள்.