குவார்ட்டர்பேக்கின் கண்கள் செய்யும் வேலை

2018 ஜனவரி 8, அட்லாண்டா. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி அணிகளின் தேசிய இறுதி ஆட்டம். இடைவேளையில் ஜார்ஜியா 13, அலபாமா 0. அலபாமாவின் குவார்ட்டர்பேக், அதாவது ஒவ்வொரு முயற்சியிலும் பந்தைப் பெற்று அதை எறிபவர் அல்லது கைமாற்றுபவர், ஜேலன் ஹர்ட்ஸ். அவர் எறிந்த 8 பந்துகளில் மூன்றுதான் சக வீரர்களின் கையில் விழுந்திருந்தன. கிடைத்தது 21 யார்டு. பயிற்சியாளர் நிக் சேபன் அவரை உட்காரவைத்து, முதலாண்டு மாணவரான டுவா டாகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரம் வரை நீண்ட ஆட்டத்தில் அலபாமா 26–23 என்று வென்றது.

அதன் பிறகு வந்த கோடைக்காலம் முழுவதும் அலபாமா ரசிகர்கள் இரண்டு பிரிவாக நின்றார்கள். ஹர்ட்ஸின் எறிதல் போதாது என்றது ஒரு தரப்பு. அவருக்கு ஏற்ற உத்தியை வகுக்காதது பயிற்சியாளர்களின் பிழை என்றது மறு தரப்பு. இரண்டையும் நான் கவனமாகக் கேட்டிருக்கிறேன். வீரர் வேறு, உத்தி வேறு என்று பிரித்த இடத்திலேயே வாதம் தடம் மாறிவிடுகிறது. காரணம் ஒரு எளிய கணக்கில் இருக்கிறது.

களத்தில் பக்கத்துக்கு 11 பேர். பந்தோடு ஓடுபவர் ரன்னிங் பேக். பந்தை அவர் கையில் கொடுத்ததும் குவார்ட்டர்பேக்கின் வேலை முடிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுபவரையும் கொடுத்தவரையும் கழித்தால் வழி திறந்துவிட 9 பேர்தான் மிச்சம். எதிரே 11 பேர். ஆக, தொடுவதற்கு ஆள் இல்லாத இரண்டு தடுப்பாளர்கள் எப்போதும் இருப்பார்கள்.

அந்த இருவரில் ஒருவரைக் கழிக்கும் வழி, 1990களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவின் கிளென்வில் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் தற்செயலாகக் கிடைத்தது. பயிற்சியில் பந்தைக் கைமாற்றும்போது குவார்ட்டர்பேக்கின் பிடி நழுவியது. எதிரணியின் ஓரத் தடுப்பாளர் ரன்னிங் பேக்கைக் குறிவைத்து உள்ளே பாய்வதைக் கண்ட அவர், பந்தைத் தானே எடுத்துக்கொண்டு அந்த ஓரம் வழியாகவே ஓடிவிட்டார். ஏன் அப்படிச் செய்தாய் என்று பயிற்சியாளர் ரிச் ரொட்ரிகஸ் கேட்க, தடுப்பாளர் உள்ளே பாய்ந்ததால்தான் என்று பதில் வந்தது. ரொட்ரிகஸ் அதைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆட்டமுறையாகவே வளர்த்தார். ஓரத் தடுப்பாளரை வேண்டுமென்றே தொடாமல் விட்டுவிடுவது, அவர் உள்ளே பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தை வைத்துக்கொள்வது, வெளியே நின்றால் ரன்னிங் பேக்கிடம் கொடுப்பது. அந்தத் தடுப்பாளர் எதைச் செய்தாலும் தவறாகிறது. ஒருவரும் மேலே கை வைக்காமலேயே ஒரு தடுப்பாளர் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறார்.

மிச்சம் ஒருவர். அவர்தான் எல்லோருக்கும் பின்னால், ஆழத்தில் காவல் நிற்கும் சேஃப்டி. தூர எறிதலுக்கு அஞ்சி அவர் பின்னாலேயே நின்றால், முன்னால் ஓட்டத்துக்கு ஆள் சரியாகிவிடும். அந்த அச்சம் இல்லாவிட்டால் அவர் தயங்காமல் முன்னே வந்து ஓட்டத்தை அடைப்பார். அட்லாண்டாவில் முதல் பாதியில் ஜார்ஜியா அப்படித்தான் ஓட்டத்தை நெருக்கியது. குவார்ட்டர்பேக் தூரமாக எறிவாரா என்ற கேள்விக்கு எதிரணி என்ன பதில் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து, பந்து அசைவதற்கு முன்பே சேஃப்டி நிற்கும் இடம் மாறுகிறது. காகிதத்தில் அதே உத்திதான். களத்தில் அது வேறோர் ஆட்டம்.

கல்லூரி விதி ஒன்றும் இந்தக் குழப்பத்துக்குத் துணை நிற்கிறது. முன்வரிசைப் பருமனான வீரர்கள், பந்து எறியப்படும் முன் 3 யார்டு வரை முன்னே போகலாம். தொழில்முறை லீக்கில் 1 யார்டுதான். அதனால் கல்லூரியில் முன்வரிசை முழுதும் ஓட்டத்துக்கென்று மோதிக்கொண்டிருக்கும்போதே குவார்ட்டர்பேக் பந்தை எறிந்துவிட முடியும். ஓட்டமா எறிதலா என்பது முன்வரிசைக்கே தெரியாத ஆட்டத்தில், அந்த ஆட்டத்தை அழைத்த பயிற்சியாளரின் பங்கு எது, ஆடிய மாணவரின் பங்கு எது?

அந்த இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தை மட்டும் நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும் என்பது விதி. கூடுதல் நேரத்தில் அலபாமாவின் முதல் முயற்சியிலேயே டாகோவைலோவா பிடிபட்டு 16 யார்டு பின்னுக்குப் போனார். இரண்டாம் முயற்சி, தேவை 26 யார்டு. கோல் கோடு 41 யார்டு தள்ளி இருக்கிறது. ஜார்ஜியா இரண்டு சேஃப்டிகளை ஆழத்தில் நிறுத்தி, ஆளுக்குப் பாதி மைதானம் என்று பங்கிட்டிருந்தது. அலபாமா நான்கு பேரை நேர்கோட்டில் ஆழமாக ஓடவிட்டது. ஆழத்தில் நால்வரை இருவர் காக்க வேண்டும் என்றால் ஒவ்வொருவரும் ஒருவரைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுக்க அவர்களிடம் இருக்கும் ஒரே துப்பு, குவார்ட்டர்பேக்கின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது.

எறிவதற்குச் சற்று முன்வரை டாகோவைலோவாவின் முகம் இடப்பக்கம் திரும்பவே இல்லை. இடப்பக்கச் சேஃப்டி அதை நம்பி நடுவிலேயே தங்கினார். கண்ணில் பட்டதற்கு உடல் அசையத் தொடங்க மனிதனுக்கு ஏறக்குறைய கால் நொடி ஆகும். முழு வேகத்தில் ஓடுபவர் அதற்குள் இரண்டு மீட்டர் போய்விடுவார். எதிர்த்திசையில் சாய்ந்து நிற்பவருக்கோ அந்தக் கால் நொடியோடு உடல் எடையைத் திருப்பும் நேரமும் சேர்ந்துகொள்கிறது. பந்து காற்றில் இரண்டு நொடிக்கும் மேல் மிதந்தது. அவ்வளவு நேரம் இருந்தும் சேஃப்டியால் தவறவிட்ட தூரத்தை ஈடுகட்ட முடியவில்லை. இடது ஓரத்தில் டெவான்டா ஸ்மித் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். பந்து அவர் கையில் விழுந்தது, ஆட்டம் முடிந்தது. எனக்கு அந்த எறிதலைவிட, எறிவதற்கு முன் இடப்பக்கம் பார்க்காமல் காத்த பொறுமைதான் பெரிதாகத் தெரிகிறது.

இதைக் கேட்டு, அப்படியானால் டாகோவைலோவாதான் மேலானவர் என்று தீர்ப்பு எழுதத் தோன்றும். 2018 டிசம்பர் 1 அன்று அதே மைதானத்தில், அதே ஜார்ஜியாவுக்கு எதிராக அலபாமா மீண்டும் இறங்கியது. இம்முறை தொடங்கியவர் டாகோவைலோவா. ஜார்ஜியா அவருடைய எறிதலை எதிர்பார்த்தே வந்திருந்தது. 25 எறிதல்களில் 10தான் சேர்ந்தன, இரண்டு எதிரணியின் கையில் விழுந்தன. நான்காம் கால்பகுதியில் 7 புள்ளிகள் பின்தங்கியிருந்தபோது அவர் காயப்பட்டு வெளியேற, ஏறக்குறைய ஓராண்டாக மாற்று வீரராகக் காத்திருந்த ஹர்ட்ஸ் உள்ளே வந்தார். 9 எறிதல்களில் 7 சேர்ந்தன. பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்க்கும் டச்டவுன் ஒன்றை எறிந்து ஆட்டத்தைச் சமமாக்கினார். கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதல் மிச்சமிருந்தபோது பந்தைத் தானே வைத்துக்கொண்டு 15 யார்டு ஓடி, 35–28 என்று முன்னிலை வாங்கிக் கொடுத்தார்.