வாரத்துக்கு ஒரு மணி நேரம்: ஜமைக்காவின் வீட்டு விளையாட்டுத் திட்டம் எப்படி வேலை செய்கிறது?

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில், 1986-87இல், ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 129 குழந்தைகளை, குழந்தை வளர்ச்சி ஆய்வாளர் சாலி கிரந்தம்-மெக்கிரிகரின் குழுவினர் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 9 முதல் 24 மாதம். எல்லோருமே வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால் கலந்த சத்துமாவு. இன்னொன்றுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து, தாயோடும் குழந்தையோடும் ஒரு மணி நேரம் விளையாட்டு. மூன்றாவதற்கு இரண்டும். நான்காவதற்கு வழக்கமான மருத்துவ உதவி மட்டும். இப்படி இரண்டு ஆண்டுகள்.

22 வயதில் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, விளையாட்டு கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். 31 வயதில் அந்த வித்தியாசம் 37 சதவீதம். சத்துமாவினால் மட்டும் அப்படி நீடித்த பலன் எதுவும் தெரியவில்லை. சாப்பாடு முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. வயிறு நிறைந்தாலும், குழந்தையோடு பேசவும் விளையாடவும் ஆள் வேண்டும் என்பதுதான் விஷயம்.

பணியாளர்கள் பட்டதாரிகள் அல்லர். அதே ஊர்ப் பெண்கள், பயிற்சி பெற்றவர்கள். பொம்மைகளும் கடையில் வாங்கியவை அல்ல. காலி பிளாஸ்டிக் பாட்டில், அட்டைப் பெட்டி, துணித்துண்டு, பழைய பத்திரிகைப் படம் இவற்றிலிருந்து செய்தவை. ஒவ்வொரு வாரமும் ஒரு பொம்மையை வீட்டில் விட்டுவிட்டு, பழையதை எடுத்துப்போவார்கள்.

வருகை ஒரு வரிசையில் நடக்கும். முதலில் நலம் விசாரிப்பு. போன வாரம் சொன்னதைச் செய்ய முடிந்ததா என்று கேட்பது. பிறகு ஒரு பாட்டு. அடுத்து புது விளையாட்டு: பணியாளர் ஒருமுறை செய்து காட்டுகிறார், உடனே தாயிடம் கொடுத்துவிடுகிறார். தாய் செய்யும்போது பாராட்டு, தாய்க்கும் குழந்தைக்கும். கடைசியில், இந்த வாரம் துவைக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் எதைப் பற்றிப் பேசலாம் என்று இருவரும் முடிவு செய்வார்கள்.

ஒரு வயதுக் குழந்தைக்கான மிக எளிய விளையாட்டு ஒன்றைப் பார்ப்போம். வாய் அகன்ற பாட்டில், விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய நான்கைந்து மூடிகள். தாய் ஒரு மூடியை உள்ளே போடுகிறார், "உள்ளே" என்கிறார். பாட்டிலைக் குழந்தையின் பக்கம் தள்ளிவிட்டுச் சும்மா இருக்கிறார். இந்தச் சும்மா இருப்பதுதான் கடினம். குழந்தை மூடியை வாயில் வைக்கும், தரையில் தட்டும், தாயின் முகத்தைப் பார்க்கும். சில விநாடி பொறுத்தால் அது தானே ஒன்றைப் போடும் அல்லது ஒரு சத்தம் எழுப்பும். அந்தச் சத்தத்துக்குத் தாய் பதில் சொன்னால் ஒரு சுற்று முடிந்தது. மொழியும் கவனமும் வளர்வது இந்தச் சுற்றுகளால்தான். பக்கத்தில் வானொலி நாள் முழுக்கப் பேசினாலும் பயனில்லை, அது குழந்தைக்குப் பதில் சொல்வதில்லை. அமெரிக்காவில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2018இல் வெளியான ஆய்விலும், பெரியவர்களோடு மாறி மாறிப் பேசும் சுற்றுகள் அதிகமுள்ள பிள்ளைகளுக்கு, கதை கேட்கும்போது மூளையின் மொழிப் பகுதி கூடுதலாகச் செயல்படுவது தெரிந்தது. மொத்தம் எத்தனை சொற்கள் காதில் விழுந்தன என்பதைவிட இந்தச் சுற்றுகளே முக்கியமாக இருந்தன.

எங்கே கெட்டுப்போகிறது? பெரும்பாலும் பணியாளரே குழந்தையோடு ஆசையாக விளையாடிவிட்டு, தாயை வேடிக்கை பார்க்க விடும்போது. குழந்தை அன்று சந்தோஷமாக இருக்கும். மீதி ஆறு நாளும் எதுவும் மாறாது. பொம்மை உடைந்துவிடும் என்று பயந்து தாய் அதைப் பரணில் வைத்துவிடுவதும் உண்டு, ஆகவே உடைந்தால் பரவாயில்லை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கு இன்னும் கைகூடாத விளையாட்டைக் கொடுத்தால் தாய், "இவனுக்கு ஒன்றும் வராது" என்று முடிவு கட்டிவிடுவார். அப்போது ஒரு படி கீழே இறங்கி, குழந்தை ஜெயிக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை போவது என்பதும் முக்கியம். கிங்ஸ்டனிலேயே நடந்த இன்னொரு சோதனையில், மாதம் ஒருமுறை போனதில் பலன் தெரியவில்லை. இரு வாரத்துக்கு ஒருமுறை போனதில் கொஞ்சம் தெரிந்தது. வாரா வாரம் போனதில்தான் நன்றாகத் தெரிந்தது. செலவைக் குறைக்க நினைக்கும் அரசுகள் முதலில் கை வைப்பது இந்த எண்ணிக்கையில்தான் என்பது வருத்தமான விஷயம்.

எல்லா இடத்திலும் கிங்ஸ்டன் போலவே நடந்துவிடவில்லை. கொலம்பியாவில் 18 மாதம் நடத்தியபோது குழந்தைகளின் அறிவுத்திறன் உயர்ந்தது. திட்டம் முடிந்து இரண்டு ஆண்டில் அந்த முன்னேற்றம் கரைந்துவிட்டது. ஒடிசாவின் 192 கிராமங்களில் செய்த சோதனை வேறொரு வழி காட்டியது. அங்கே தாய்மார்களைச் சிறு குழுக்களாகக் கூட்டி இதே விளையாட்டுகளைக் கற்றுக்கொடுத்தார்கள். வீடு வீடாகப் போனதற்கு இணையான பலன் அதில் கிடைத்தது, செலவோ மிகக் குறைவு.