0 முதல் 255 வரை: ரெஜெக்ஸில் எண் எல்லைகள்

உரைக்குள் குறிப்பிட்ட வடிவத்தில் அமைந்தவற்றைத் தேடிப் பிடிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது ரெஜெக்ஸ், 1950களில் கணிதவியலாளர் ஸ்டீபன் கிளேனி வகுத்த கோட்பாட்டிலிருந்து பிறந்தது. அதை 1960களில் உரைத்தொகுப்பிக்குள் கொண்டுவந்தவர் கென் தாம்சன். இத்தனை வல்ல கருவி, ஓர் எண் 255-ஐத் தாண்டுகிறதா என்ற கேள்விக்கு நேரடியாக விடை சொல்லாது. எண்ணின் மதிப்பு அதற்குத் தெரியாது. 2, 5, 5 என அடுத்தடுத்து நிற்கும் மூன்று குறிகளே தெரியும்.

மாத எண்ணைச் சோதிக்கப் புதியவர்கள் [1-12] என்று எழுதுவதுண்டு. சதுர அடைப்பு ஒரேயொரு குறிக்கான இடம் என்பதால், இது 1 முதல் 1 வரை அல்லது 2 என்று பொருள்பட்டு, 1, 2 ஆகிய இரண்டை மட்டுமே ஏற்கும். [1-9]|1[0-2] என்பதே சரி. இதில் | என்பது 'அல்லது' எனப் பொருள்பட்டு, மாற்று வழிகளைப் பிரிக்கும்.

பிணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் ஐபி முகவரியின் IPv4 வகையில், ஒவ்வொரு பகுதியும் எட்டு பிட் கொண்டது. ஆகவே 0 முதல் 255 வரை செல்லும். இந்த எல்லையை இலக்கங்களின் வழியே துண்டாட வேண்டும். முதல் இலக்கம் 1 எனில் மற்ற இரண்டும் எதுவாகவும் இருக்கலாம். முதல் இலக்கம் 2 எனில், இரண்டாவது 4 வரை இருக்கும்போது மூன்றாவதற்குக் கட்டுப்பாடில்லை. இரண்டாவது 5 ஆனால் மூன்றாவது 5-ஐத் தாண்டக் கூடாது. எஞ்சியவை ஓரிலக்க, ஈரிலக்க எண்கள். கீழே வரும் ? குறி, அதற்கு முன்னுள்ளது இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று சொல்கிறது.

^(25[0-5]|2[0-4][0-9]|1[0-9][0-9]|[1-9]?[0-9])$

எந்த எல்லைக்கும் இதே முறைதான்: 37 முதல் 584 வரை என்றால் 3[7-9]|[4-9][0-9]|[1-4][0-9][0-9]|5[0-7][0-9]|58[0-4].

தொடக்கத்தையும் முடிவையும் கட்டும் ^, $ குறிகளை விட்டுவிட்டால், 256 என்ற தவறான எண்ணில் முதல் மூன்று வழிகளும் தோற்று, கடைசி வழி '25' என்ற பகுதியைப் பிடித்துக்கொண்டு வெற்றி என அறிவிக்கும். வளைவு அடைப்பும் அவசியம். அது இல்லையேல் ^ முதல் வழியையும் $ கடைசி வழியையும் மட்டுமே கட்டுப்படுத்தும்.

சிலர் வடிவத்தைச் சுருக்க, கடைசி இரண்டு வழிகளையும் சேர்த்து [01]?[0-9][0-9]? என்று எழுதுகிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் அது 010 என்பதையும் அனுமதிக்கும். சில பழைய பிணைய நிரல்கள் முன்னால் வரும் பூச்சியத்தை எட்டடிமான எண்ணின் அடையாளமாகக் கொண்டு அதை 8 எனப் படிப்பதால், சோதித்த முகவரி ஒன்றாகவும் இணைப்பு செல்லும் முகவரி வேறாகவும் ஆகிவிடலாம்.

நிரல் எழுத வழியுள்ள இடத்தில், இலக்கங்களை மட்டும் ரெஜெக்ஸால் பிரித்தெடுத்து, எண்ணாக மாற்றி ஒப்பிடுவதே என் பரிந்துரை. பதிவுக் கோப்புகளைத் தேடும்போதும், வடிவம் தவிர வேறெதையும் ஏற்காத அமைப்புக் கோப்புகளிலும்தான் இந்த நீண்ட வடிவங்கள் உண்மையில் தேவைப்படுகின்றன.